கோல்கீப்பரின் அப்பா

லிஃப்ட் கதவு மூடியதும் சம்பங்கி டெஸ்டரின் பிடியால் உள்சுவரில் மூன்று தட்டு தட்டுவார். அதற்குப் பிறகுதான் பொத்தானை அழுத்துவார். கரண்டில் ஓடும் லிஃப்டுக்குத் தட்டும் வேண்டாம், கொட்டும் வேண்டாம். ஆனால் மனிதர் இளவயதில் மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில், ஆளை அடிக்கு இறக்கும் கேஜின் கதவு திறந்து மூடும் வேலை பார்த்தவர். மூன்று தடவை மணி அடித்தால் கேஜில் ஆள் ஏறியிருக்கிறது, பார்த்து இறக்கு என்று மேலே எஞ்சினில் இருப்பவனுக்குச் சேதி. சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கை மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறது. ஏன் அண்ணா தட்டுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "நானா? எப்போ?" என்றார்.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலேறுகிற கூட்டத்தில் அவரும் ஒருவர், நானும் ஒருத்தி. அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை. நான் வேலை பார்க்கும் கட்டடத்து லிஃப்டும் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. லிஃப்ட் என்ற சொல் அவர் வாயில் வராது, கேஜ்தான். மாடி கிடையாது, லெவல்தான். "அஞ்சாவது லெவல்ல கேஜ் மாட்டிக்கினு கீது விமலாம்மா, படியில ஏறிப் போயிடுங்க" என்று ஒருநாள் அவர் சொல்ல, பக்கத்தில் நின்ற எங்கள் மேனேஜர், கூண்டுக்குள் இருப்பது என்ன மிருகம் என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

ஐம்பதைத் தாண்டிய குள்ளமான உடம்பு. மீசைக்கு அடிக்கும் மையில் கொஞ்சம் மேலுதட்டிலும் ஒட்டியிருக்கும். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர். இருபது மாடிக் கட்டடத்தின் உச்சியில் நின்று கிரீஸ் போடுகிறவர், வீட்டுப் பரணில் ஏற வேண்டுமென்றால் மனைவி கிருஷ்ணம்மாவை ஏணி பிடிக்கச் சொல்வார். குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமில்லாதது. எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் அவர் தக்காளி விலை கேட்டால் சர்ச்சில் பாட்டு நின்றுவிடும் என்று சொல்வார்கள்.

தங்கவயல்காரர்களுக்குக் கால்பந்துப் பைத்தியம் பிறவியிலேயே உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மைனுக்கு மைன் டீம் இருந்த ஊர். சம்பங்கிக்கும் பைத்தியம் இருந்தது, ஆட்டம்தான் வரவில்லை. அதனால் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதில் பெயர் வாங்கினார். "லெஃப்ட்ல குடுறா டேய்" என்று அவர் போட்ட சத்தத்தில் மிரண்டு எதிரணிக்காரன் இடது பக்கம் பந்தைக் கொடுத்த கதை ஒன்றை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவருடைய ஒரே மகள் ஷில்பா, தங்கம் பிரித்த கழிவு மண் மலையாகக் குவிந்த சைனைடு மேட்டோரத்து மைதானத்துக்குப் பையன்களோடு பந்து பொறுக்கப் போனவள். சரளைக்கல்லில் விழுந்து தடுக்க வேறு யாருக்கும் மனம் வராததால் அவளைக் கோல் கம்பத்துக்கு நடுவே நிறுத்தினார்கள். விழுந்தாள், எழுந்தாள், அங்கேயே நின்றுவிட்டாள்.

அதை ஊர் சும்மா விடுமா? வயசுக்கு வந்த பெண் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் புரளுகிறாளே என்று தெருவில் பேச்சு. உறவில் அதைவிடப் பேச்சு. பேத்தமங்களாவில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தபோது கிருஷ்ணம்மாவின் அண்ணன் பந்தியில் வைத்தே சொன்னாராம், "பொட்டப்புள்ள வூட்ல சோறாக்கக் கத்துக்கட்டும் மாப்ள, பந்து இன்னாத்துக்கு?" என்று. சம்பங்கி பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்தார். "எம் பொண்ணு கோல்கீப்பரு. சோறு நான் ஆக்கிப் போடுறேன்" என்றாராம். பந்தி முழுக்கக் கேட்டது. அதன்பிறகு மூன்று வருஷம் பேத்தமங்களாப் பக்கமே அவர் போகவில்லை. இந்தக் கதையை எங்கள் பெட்டியில் கேட்காதவர்கள் கிடையாது. நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் இலையில் இருந்த பதார்த்தம் கூடிக்கொண்டே போகும்.

அந்த ஷில்பாதான் போன சீசனில் தேசிய மகளிர் லீகில் ஆடினாள். பெங்களூரு லேக்சைடு அணிக்கு இரண்டாவது கோல்கீப்பர். இரண்டாவது என்றால் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலுக்குக் காவல் இருப்பது. முதல் நாலைந்து ஆட்டம் அப்படித்தான் போனது. முதல் கோல்கீப்பருக்கு முழங்கால் பிசகியதும் ஷில்பாவை இறக்கினார்கள். அன்று காலை ரயிலில் சம்பங்கி அடித்த கூத்தைப் பார்த்திருக்க வேண்டும். ரயில் நிற்பதற்குள் ஜன்னல் கம்பிக்கிடையே துண்டை எறிந்து எனக்கும் மற்றவர்களுக்கும் இடம் பிடிப்பது அவர் வழக்கம். அன்றைக்கு இடம் பிடிக்க மறந்து, பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, முகம் தெரியாதவர்களிடமெல்லாம், "இன்னிக்கு எம் பொண்ணு எறங்கறா சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ ஸ்டேஷனில் இறங்குகிறாளாக்கும் என்று ஒருவர் தலையாட்டி வைத்தார்.

ஆட்டம் பெரும்பாலும் மத்தியானத்தில் நடக்கும். அந்நேரம் சம்பங்கி எந்தக் கட்டடத்தில் எண்ணெய்க் கையோடு இருப்பாரோ தெரியாது. ஆகவே எங்களுக்கு ஆட்டம் சாயங்கால ரயிலில்தான். சைக்கிள் டியூப்பை அறுத்துச் செய்த பட்டையால் தன் போனை லக்கேஜ் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டத்தின் பதிவை ஓடவிடுவார். ஏழாம் பெட்டியில் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் கழுத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வோம். சட்டம் ஒன்று இருந்தது. முடிவு முன்னாலேயே தெரிந்தவர்கள் மூச்சு விடக்கூடாது. ஒருமுறை ஒருவர் "கவலப்படாதீங்க, நல்ல சேதிதான்" என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் நின்றுகொண்டே பயணம் செய்தார்.

லக்கேஜ் வைக்கும் மேல் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவர் மஞ்சுநாத். பங்காருபேட்டைக்காரர், அச்சகத்தில் வேலை. பெட்டிக்காரர்கள் கத்துவதையும் குதிப்பதையும் மேலிருந்து தன் போனில் படம் பிடித்து, பங்காருபேட்டையில் இறங்கியதும் 'ஏழாம் பெட்டி' என்ற எங்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிடுவது அவர் பொறுப்பு. அந்தக் குரூப்பில் ஷில்பாவும் இருந்தாள். இந்த ஏற்பாடு அவள் கேட்டு வந்ததுதான். "தோத்தாலும் அனுப்புங்க அங்கிள். நீங்க எல்லாம் கத்தறத கேட்டாதான் எனுக்கு தூக்கம் வருது" என்று அனுப்பியிருந்தாள். அதிலும் அவள் அப்பா குரல் தனியாகக் கேட்கும். மற்ற குரல்களெல்லாம் அதற்கு அடியில்தான் கிடக்கும்.

இம்பாலில் ஒரு பெனால்டியை அவள் பாய்ந்து தடுத்த அன்று, சம்பங்கி பங்காருபேட்டை பிளாட்பாரத்தில் இறங்கி, வடைக்காரரின் கூடையையே ரயிலுக்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வடைக்காரரும் பின்னாலேயே ஏறி ஊர் வரைக்கும் வந்தார். புவனேஸ்வரத்தில் கோல் கோலாக வாங்கிய அன்று, "கிரவுண்டு சரியில்ல, ஈரம்" என்றார். போனில் பார்த்தால் புழுதி பறந்துகொண்டிருந்தது. பெற்றவன் கண்ணுக்கு ஈரம் தெரிந்தால் ஈரம்தான்.

சீசன் முடிய ஒரே ஆட்டம் பாக்கி இருந்தபோது லேக்சைடு பட்டியலின் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசி ஆட்டத்தைச் சமன் செய்தாலே போதும், லீகில் நீடிக்கலாம். தோற்றால் அடுத்த வருஷம் கீழ் டிவிஷன். அன்றைக்குச் சாயங்காலம் ஏழாம் பெட்டியில் சீட்டாட்டம்கூட நடக்கவில்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றில் நின்றது. ஷில்பா இரண்டு மூன்று பந்துகளை அருமையாகத் தட்டிவிட்டாள். ஒயிட்ஃபீல்டில் ஏறிய ஒருவர், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு, சம்பங்கியின் தோளுக்குப் பின்னால் நின்று அவரும் பார்க்க ஆரம்பித்தார். எங்களுக்குப் புது ஆள்.

மாலூர் தாண்டியது. ஆட்டம் முடியச் சில நிமிடமே இருந்தது. லேக்சைடு பெண் ஒருத்தி பந்தைத் தங்கள் கோல்கீப்பருக்கே மெதுவாகத் தள்ளிவிட்டாள். பக்கத்தில் எதிரணி ஆளே இல்லை. ஷில்பா நிமிர்ந்து தூரத்தில் யாருக்கு உதைக்கலாம் என்று பார்த்தாள், காலைத் தூக்கினாள். பந்து காலடியில் நழுவி, அவசரமே இல்லாமல் உருண்டு, கோட்டைத் தாண்டி வலைக்குள் போனது. அவள் அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்து சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கேமராக்காரனுக்கு இரக்கமே இல்லை. அதையே திரும்பத் திரும்ப மெதுவாக ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

புது ஆள் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, யாருக்கும் சிரிப்பு வரும் காட்சிதான் அது. "கோல்கீப்பரா சார் அது? பந்துகூட கண்ணுக்குத் தெரியலியா? யாரு அந்தப் பொண்ணு, ஒங்களுக்குத் தெரியுமா?" என்று சம்பங்கியிடம் கேட்டார்.

சம்பங்கி திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். "யாருக்குத் தெரியும் சார், எந்த ஊரு பொண்ணோ" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வூட்ல சோறாக்கிக்கினு கெடக்க வேண்டியதுங்கல்லாம் கெளம்பி வந்துடுதுங்க" என்றார்.

எதிர் சீட்டுக்காரர் தன் செருப்பைக் குனிந்து சரி செய்ய ஆரம்பித்தார். செருப்பில் ஒன்றும் இல்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பேத்தமங்களாப் பந்தியில் எந்தப் பேச்சுக்காக அவர் இலையை மடித்தாரோ அதே பேச்சு, அவர் வாயாலேயே, அவர் மகளைப் பார்த்து. புது ஆள் ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு பங்காருபேட்டையில் இறங்கிப் போய்விட்டார். மஞ்சுநாத்தும் அங்கேதான் இறங்கினார். மேல் பலகையில் விசிறி இரைச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் காதில் கீழே பேசியது விழவில்லை. அவர் போனுக்கு மட்டும் நன்றாக விழுந்திருந்தது. தோற்றாலும் அனுப்பச் சொன்ன பிள்ளையாயிற்றே என்று, வழக்கம்போல் பிளாட்பாரத்தில் நின்றபடியே அனுப்பிவிட்டார்.

வீட்டுக்குப் போய் அதைக் கேட்டவர்கள் மஞ்சுநாத்துக்குப் போன் போட்டார்கள். அவர் பதறியடித்துக்கொண்டு அழித்தார். அதற்குள் பார்க்க வேண்டியவள் பார்த்துவிட்டாள். அவள் பெயர் பார்த்தவர்கள் வரிசையில் முதலில் இருந்தது. ஒரு வார்த்தை எழுதவில்லை. குரூப்பை விட்டும் போகவில்லை. போயிருந்தால்கூட எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் ஜன்னல் வழியே துண்டு விழவில்லை. சம்பங்கி வேலைக்கு வரவில்லை என்று நினைத்தோம். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, கடைசிப் பெட்டியில், கக்கூசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வருகிறார் என்று. இருக்கை காலியாக இருந்தாலும் உட்காருவதில்லையாம். மீசைக்கு மை போடுவதை விட்டிருந்தார். அடியில் வெள்ளை ஏறிக்கொண்டு வந்தது. எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பார்க்க வந்தால், நான் வருவது தெரிந்ததும் மெஷின் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தெருவில் யாராவது "பொண்ணு எப்டி கீறா?" என்று கேட்டால், "கீறா" என்பார். அந்தக் குரலைக் கேட்கப் பக்கத்தில் போக வேண்டியிருந்தது.

சீசன் முடிந்ததும் மற்ற பெண்கள் ஊருக்குப் போனார்கள். வெளியூர்ப் பெண்கள் சிலரோடு ஷில்பா மட்டும் பெங்களூருப் பனசவாடியில் அணி வாடகைக்கு எடுத்திருந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். பிராக்டிஸ் இருக்கிறதாம். ஆண்டர்சன்பேட்டைப் பூப்பல்லக்குத் திருவிழாவுக்குக்கூட வரவில்லை. சின்ன வயதிலிருந்து ஒரு வருஷம் தவறாமல் அவள் அப்பா தோளில் உட்கார்ந்து, பிறகு அப்பாவோடு நின்று பார்த்த பல்லக்கு. கிருஷ்ணம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறார். ரவிக்கை வாங்கப் போன என்னிடம், மெஷினை நிறுத்தாமலே சொன்னார்.

"டெய்லி போன் பண்றா விமலாம்மா. சாப்டியா, இன்னா கொழம்பு, எல்லாம் கேக்கறா. முன்னல்லாம் பேசி முடிச்சதும் அப்பாகிட்ட குடும்மான்னுவா. இப்போ வெச்சிடறா. இவுரு பக்கத்துலயே குந்திக்கினு கீறாரு, போனையே பாத்துக்கினு. வெச்சதும் ஏந்து வெளிய போயிடறாரு." கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினார். "மூஞ்சில ரெண்டு வெச்சிருந்தாகூட மறந்துடும் அது. இத்த இன்னான்னு மறக்கும்? எனுக்கே மறக்க மாட்டேங்குதே."

அதற்குப் பிறகு நானே கடைசிப் பெட்டிக்குப் போய் ஏறினேன். சம்பங்கிக்கு ஓடி ஒளிய இடமில்லை. கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டியபின் தானாகவே பேசினார்.

"அந்தாளு யாருன்னே தெரியாது விமலாம்மா. பேருகூட தெரியாது. பங்காருபேட்டைல எறங்கிப் போயிட்டான். இனிமே அவன நான் பாக்கப் போறதில்ல. அவன் முன்னாடி எனுக்கு இன்னா மானம் வோணும்? அவனுக்கோசரம் எம் பொண்ண யாரோன்னுட்டேன் பாருங்க."

"போய் நேரில் பேசுங்களேன் அண்ணா."

"போறேன். டெய்லி போறேன்" என்றார். "வேலை முடிஞ்சதும் பனசவாடிக்குப் போறேன். எதுர்ல ஒரு டீக்கட கீது. நிக்கறேன். கேட்டாண்ட போனா காலு வர மாட்டேங்குது. பால்கனில துணி காயப்போடறா, பாக்கறேன். வந்துடறேன்."

எனக்குக் கோபம்தான் இருந்தது அவர் மேல். அந்தக் கோபம் முழுசாகப் போய்விட்டது என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் மகள் துணி காயப்போடுவதைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு ரயிலேறுகிற மனிதரை எத்தனை நாள் திட்டுவது? அடுத்த சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்ததும், கிருஷ்ணம்மா சொல்லி அனுப்பியபடி அவரை இழுத்துக்கொண்டு பனசவாடிக்குப் போனேன். போகும் வழியில் இரண்டு தடவை கம்பெனியிலிருந்து போன் வந்ததாகச் சொல்லித் திரும்பப் பார்த்தார். போன் அடிக்கவே இல்லை.

இரும்பு கேட் போட்ட இரண்டு மாடி வீடு. வாட்ச்மேன் கன்னடக்காரர், தமிழும் புரியும். யார் வேண்டும் என்று கேட்டார். "ஷில்பா" என்றார் சம்பங்கி. அந்தப் பெயரைச் சொல்லவே அவருக்கு இரண்டு முயற்சி ஆனது. "நீவு யாரு?" என்றார் வாட்ச்மேன், நீங்கள் யார் என்று.

எளிய கேள்விதான். சம்பங்கி கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஊர்க்காரன்" என்றார். "கே.ஜி.எஃப்."

நான் வாயெடுத்தேன். அவர் தலையை லேசாக ஆட்டி வேண்டாம் என்றார். அன்று ரயிலில் சொல்லாமல் விட்ட வார்த்தையை இன்று சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்று மனிதர் முடிவு கட்டிவிட்டார். வாட்ச்மேன் உள்ளே திரும்பி, ஷில்பா, உங்கள் ஊரிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று கன்னடத்தில் கூப்பிட்டார்.

தலை துவட்டிக்கொண்டே வந்தாள். படிக்கட்டில் நின்றுவிட்டாள். மெலிந்திருந்தாள். அப்பாவின் வெள்ளை ஏறிய மீசையைத்தான் முதலில் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அவர் அவளைப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளிலேயே கண்ணை வைத்திருந்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் அவருமாக நின்றார்கள். வெயில் சுட்டது. அவள் திரும்பி உள்ளே போய்விடுவாள் என்றே எனக்குத் தோன்றியது, போயிருந்தாலும் நான் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன்.

"ஊர்க்காரரு இல்லண்ணா" என்றாள் வாட்ச்மேனிடம். "எங்கப்பா. கேட்டத் தெறங்க."

குரலில் கனிவு ஒன்றும் இல்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். வாட்ச்மேன் சம்பங்கியை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினார். "வாப்பா. இன்னாத்துக்கு வெயில்ல நிக்கிற?" என்றாள். எனக்கும் "வாங்க ஆன்ட்டி" என்றாள்.

அதற்குள் சத்தம் கேட்டு அணிப் பெண்கள் மூன்று நான்கு பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மணிப்பூர்ப் பெண் ஒருத்தி, கையில் சோற்றுத் தட்டோடு, சம்பங்கியைப் பார்த்ததும், "ரயில் அங்கிள்!" என்று கூவினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஏழாம் பெட்டி வீடியோ ஒவ்வொன்றையும் அந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். தமிழ் தெரியாவிட்டாலும் அவர் கத்துவதைக் கேட்டால் சிரிப்பும் தெம்பும் வருமாம். அந்தப் பெண் இந்தியில் படபடவென்று பேசினாள். லிஃப்ட் வேலையில் பீகார்ப் பையன்களோடு பழகிய சம்பங்கிக்கு இந்தி நன்றாகவே புரியும். எனக்கும் புரிந்தது.

"கடைசி ஆட்டம் முடிந்த அன்று நாங்கள் யாருமே சாப்பிடவில்லை அங்கிள். அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தோம். உங்கள் வீடியோ வந்தது. அதில் நீங்கள் சொன்னதை ஷில்பா எங்களுக்கு இந்தியில் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் எழுந்து சாப்பிட்டோம்."

"நான் இன்னா சொன்னேன்?" என்று சம்பங்கி தமிழிலேயே கேட்டார். பிறகு நினைவு வந்து இந்தியில் கேட்டார்.

"பின்னால் நின்ற ஒருவர், யார் அந்த கோல்கீப்பர் என்று கேட்டாராம். நீங்கள் சிரித்துக்கொண்டே, என் மகள்தான், அடுத்த சீசன் வந்து பாருங்கள் என்று சொன்னீர்களாம்!"

ஷில்பா குனிந்து, தோளிலிருந்து நழுவி விழுந்த துண்டை எடுத்து உதறினாள். அப்பாவின் பக்கம் திரும்பவில்லை.

சம்பங்கி வலது கையை எடுத்து, பெரியவர்கள் எதிரே நிற்பதுபோல், வாயைப் பொத்திக்கொண்டார்.